விரலில் மை இல்லாத ஓட்டு

2024 ஜூலை 4, வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரப் போகும் நேரத்தில் தம்பி மகளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. லீட்ஸ் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். ஒரு சர்ச் மண்டபத்து வாசல், யாரோ கட்டிப்போட்டிருக்கும் நாய், முன்னால் இவள் நீட்டிய ஆள்காட்டி விரல். விரலில் நீலமாக ஒரு கோடு. கூடவே குரல் செய்தி: "பெரியப்பா, ஓட்டு போட்டுட்டேன்!"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இருபத்தெட்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்ததில் பாதித் தேர்தல்களுக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போனவன் நான். பாளையங்கோட்டையில் பிறந்து, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற பிள்ளை, சார்லஸ் ராஜாவின் ஊரில் எந்தக் கணக்கில் ஓட்டு போட்டாள்? உடனே கூப்பிட்டேன்.

"ஏட்டி, நீ அந்த ஊரு பிரஜையே கெடையாதே?"

"எனக்கும் தெரியாது பெரியப்பா. கூட வேலை பாக்குற கேரளத்துச் சேச்சிதான் சொன்னா. பேரு பதிஞ்சேன், கார்டு வந்துட்டு."

"அடையாளத்துக்கு என்ன காட்டுனே?"

"நம்ம பாஸ்போர்ட்டத்தான்."

அதாவது, அசோகத் தூண் சிங்கம் போட்ட பாஸ்போர்ட்டைக் காட்டி பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு ஓட்டு. விசாரித்தால் விஷயம் சரிதான். காமன்வெல்த் நாட்டுக்காரர் யாராக இருந்தாலும், முறையான விசாவில் அங்கே குடியிருந்தால், பொதுத் தேர்தலில் ஓட்டு உண்டு. பழைய சாம்ராஜ்யத்தின் மிச்சம் அது. அடையாளச் சீட்டு காட்டவேண்டும் என்ற விதிதான் புதிது, 2023-இல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் காமன்வெல்த் பாஸ்போர்ட் செல்லும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம் ஏப்ரல் 19 அன்று திருநெல்வேலியில் வாக்குப்பதிவு நடந்தபோது இவளால் போடமுடியவில்லை. வெளிநாடுவாழ் வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம், ஆனால் சொந்த ஊர்ச் சாவடிக்கு நேரில் வந்து நிற்கவேண்டும். லீட்ஸிலிருந்து வந்துபோகிற டிக்கெட் காசுக்கு இங்கே ஒரு கறவை மாடு வாங்கிவிடலாம். ஆக, குடியரசு நாட்டுக் குடிமகளுக்குச் சொந்த நாட்டில் ஓட்டு எட்டவில்லை, ராஜா இருக்கிற நாட்டில் தெருமுனையில் கிடைத்தது.

சாவடி எப்படி இருந்தது என்று தொழில்முறை அக்கறையில் துருவித் துருவிக் கேட்டேன். காலை 7 மணி முதல் ராத்திரி 10 மணி வரை வாக்குப்பதிவாம். இயந்திரம் இல்லை. காகிதச் சீட்டு, மறைப்புக்குள்ளே நூல் கட்டிய ஒரு பென்சில், விரும்புகிற பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. "பென்சிலா!" என்று நான் கத்தியதில் சமையல்கட்டிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நம்மூரில் கட்டுப்பாட்டுக் கருவி, வாக்குப்பதிவுக் கருவி, விவிபேட், பச்சைத்தாள் முத்திரை, அரக்கு, 17சி படிவம் என்று முதல்நாள் ராத்திரி முழுக்க எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனவனுக்கு, ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தேர்தலை முடிக்கிறார்கள் என்றால் எரியாதா? பேனா கொண்டுபோனாலும் தடையில்லையாம். ராத்திரி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கையாலேயே எண்ணி, விடிவதற்குள் முக்கால்வாசி முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். திருநெல்வேலிப் பெட்டிகள் ஏப்ரல் 19-இல் பூட்டியது, ஜூன் 4 வரை துப்பாக்கிக் காவலில் கிடந்தன.

சரி, அவள் யாருக்கு ஓட்டு போட்டாள்? பெயரைக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ஆனால் எதற்கு ஓட்டு போட்டாள் என்பதில் அவளுக்கே குழப்பம் இருந்தது. அவர்களுடைய தமிழர் குழுவில் பலபேர் "ஸ்டார்மருக்குப் போட்டேன்", "சுனக்குக்குப் போட்டேன்" என்று எழுதியிருந்தார்களாம். லீட்ஸ் சீட்டில் தொழிற்கட்சித் தலைவர் ஸ்டார்மர் பெயர் எப்படி இருக்கும்? அவர் நின்றது லண்டனில் ஹோல்போர்ன் தொகுதி. மோடி பெயர் வாராணசி இயந்திரத்தில் மட்டும் இருக்கிற மாதிரிதான். 650 தொகுதி, தொகுதிக்கு ஒரு உறுப்பினர், யார் அதிக ஓட்டு வாங்கினாரோ அவர். பிரதமருக்கென்று தனிச் சீட்டு கிடையாது. மக்களவையில் யார் பின்னால் பெரும்பான்மை நிற்கிறதோ அவர் பிரதமர், அந்தப் பெரும்பான்மை நகர்ந்தால் அவரும் நகரவேண்டியதுதான். இந்த வீட்டுக்கு வரைபடம் போட்டவர்கள் அவர்கள். நாம் அதே வரைபடத்தில் வீட்டைக் கட்டி, பூஜையறையை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

வரைபடம் ஒன்றென்பதால் விரிசலும் ஒரே இடத்தில்தான். அந்தத் தேர்தலில் தொழிற்கட்சி வாங்கியது நூற்றுக்கு 34-ஐத் தொடாத ஓட்டு. கிடைத்தது 411 இடம். சீர்திருத்தக் கட்சி 14 சதவீதம் வாங்கி 5 இடம். அதைவிடக் குறைவாக 12 சதவீதம் வாங்கிய லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 72 இடம். தலை சுற்றுகிறதா? ஒரு மாதம் முன்னால் தமிழ்நாட்டில் திமுக கூட்டணி சுமார் 47 சதவீத ஓட்டில் 39-க்கு 39 அள்ளியது. மீதிப் பாதிக்கு மேற்பட்டவர்களின் ஓட்டு ஒரு இடமாகக்கூட மாறவில்லை. பரவிக் கிடக்கிற ஓட்டு வயலில் பாயாத தண்ணீர் மாதிரி, ஆற்றில் போயே போகும். டெபாசிட்டும் உண்டு. அங்கே 500 பவுண்டு, 5 சதவீதம் வாங்கினால் திரும்பக் கிடைக்கும். இங்கே மக்களவைக்கு 25,000 ரூபாய், ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்கவேண்டும். நம்மூரில்தான் கெடுபிடி அதிகம்.

ஹெண்டன் என்ற லண்டன் தொகுதியில் வித்தியாசம் வெறும் 15 ஓட்டு என்று அவள் அடுத்த நாள் சொன்னாள். நான் உடனே ராதாபுரத்தை எடுத்தேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் இன்பதுரை 49 ஓட்டில் அப்பாவுவை ஜெயித்தார். தகராறு தபால் ஓட்டில். தேர்தல் பணியில் இருக்கிற வாத்தியார்கள் தபாலில் ஓட்டு போடும்போது உறுதிமொழிப் படிவத்தில் அரசிதழ் பதிவுபெற்ற அலுவலர் கையெழுத்து வேண்டும். தலைமை ஆசிரியர் கையெழுத்து செல்லாது என்று ஒரு கட்டு ஓட்டைத் தள்ளிவிட்டார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் போய், 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கையும் நடந்தது. முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் ஐந்து வருஷம் முடிந்து அடுத்த தேர்தலே வந்துவிட்டது. எனக்கு இது ஊர் வம்பு இல்லை. அந்த வருஷம் என் படிவத்திலும் கையெழுத்துப் போட்டவர் எங்கள் தலைமை ஆசிரியர்தான். என் தொகுதி வேறு. ஆனாலும் நாள் முழுக்க ஊரார் விரலுக்கெல்லாம் மை வைத்தவனின் ஓட்டு எண்ணப்பட்டதா, குப்பைக்குப் போனதா என்று இன்றைக்கும் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு உண்டு.

அதே அப்பாவு 2021-இல் ராதாபுரத்தில் ஜெயித்துச் சபாநாயகர் ஆனார். பிரிட்டனில் சபாநாயகர் ஆனதும் கட்சியை விட்டு விலகிவிடவேண்டும். அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் அவரை எதிர்த்து ஆள் நிறுத்துவதில்லை. 2024-இல் சபாநாயகர் நின்ற சோர்லி தொகுதியில் அப்படித்தான் நடந்தது. சட்டத்தில் எழுதி வைக்காத வழக்கம். நம்மூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

மறுநாள் ஜூலை 5, வெள்ளிக்கிழமை. ரிஷி சுனக் அரண்மனைக்குப் போய் ராஜினாமா கொடுத்தார், காரில் வெளியே வந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்மர் உள்ளே போனார், பிரதமராக வெளியே வந்தார். நடுவிலே இருந்த அந்தச் சிறிது நேரம் பிரிட்டனுக்குப் பிரதமரே கிடையாது. ராஜா மட்டும்தான். தம்பி மகள் டிவியில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பெரியப்பா, எல்லாத்தையும் ஜனங்களே முடிவு பண்ணியாச்சு. அப்புறம் இவரு எதுக்கு நடுவுல?"

நான் சொரிமுத்தையனார் கோயிலைச் சொன்னேன்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு. ஆடி அமாவாசைக்கு ஜனம் அங்கே போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கும். நான் சின்னப் பையனாக அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில், தலைப்பாகையோடு, வாளோடு வந்து உட்காருவார். ஜனங்கள் வரிசையாக வந்து கும்பிடுவார்கள். தமிழ்நாட்டில் முடிசூட்டிக்கொண்ட ஜமீன்தார்களில் கடைசி ஆள் என்று அவரைச் சொல்வார்கள். முருகதாஸ் தீர்த்தபதி, 2020 மே மாதம் காலமானார். 1948-இலேயே ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தாயிற்று. அப்பா காதருகே முணுமுணுத்தது இன்னும் கேட்கிறது: "நெலமெல்லாம் சர்க்காருக்குப் போயிட்டு. தலப்பா மட்டும் போகல பாத்தியா?"

அந்தத் திருவிழாவில் உண்மையான அதிகாரம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதால் எத்தனை நாள் தங்கலாம், எந்த வண்டி போகலாம், பிளாஸ்டிக் பை கொண்டுபோகலாமா என்பதெல்லாம் சோதனைச்சாவடியில் வனத்துறை சொல்வதுதான். போலீஸ், கலெக்டர் ஆபீஸ், எல்லாரும் உண்டு. வனத்துறைக்காரரை யாரும் கும்பிடுவதில்லை, திட்டத்தான் செய்கிறார்கள். கும்பிட்டது ஜமீன்தாரை. அவர் கையில் திட்டுவதற்கு ஒன்றுமே இல்லையே. பிரிட்டன் ராஜா உட்கார்ந்திருக்கிற இடம் கிட்டத்தட்ட அதுதான். நாடாளுமன்றத்தைத் திறக்கும்போது கிரீடம் வைத்துக்கொண்டு "என் அரசாங்கம் இதைச் செய்யும், அதைச் செய்யும்" என்று வாசிப்பார். எழுதிக் கொடுத்தது பிரதமர். ஒரு கமாவைக்கூட மாற்றமாட்டார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் தரமாட்டேன் என்று பிரிட்டனில் முடி தரித்த ஒருவர் கடைசியாகச் சொன்னது 1708-இல், ஆன் ராணி, ஸ்காட்லாந்து படை மசோதா விவகாரத்தில். அதற்கப்புறம் இல்லை.

இதை அவள் ஏற்றுக்கொண்டாளா என்றால், பாதிதான். "பொறந்ததுக்காகக் கும்பிடணுமாக்கும்?" என்றாள். நியாயமான கேள்வி. எனக்கும் அது தொண்டையில் மாட்டிய முள்தான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது செங்கோட்டை ஆச்சி.

என் அம்மாவைப் பெற்றவள் செங்கோட்டைக்காரி. இன்றைக்கு அது தென்காசி மாவட்டம், அதற்கு முன் திருநெல்வேலி, 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூர்க்காரர்களின் கையில். ஊருக்குள் நுழைகிற இடத்தில் இருந்த வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆச்சியின் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் ஒரு செம்புக் காசு கிடக்கும். ஒரு சக்கரம். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இந்தக் கணக்கெல்லாம் அவள் விரல்நுனியில். (வாஞ்சிநாதனும் இந்த ஊர்தான். திருவிதாங்கூர் வனத்துறையில் ஒரு ராஜாவிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, இன்னொரு ராஜா ஐந்தாம் ஜார்ஜுக்கு லண்டனில் முடிசூட்டுவதற்கு ஐந்து நாள் முன்னால், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டவர்.)

ஆச்சி மகாராஜாவைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். மகாராஜாவுக்காக ஆட்சி நடத்திய திவான் சி.பி. ராமசாமி ஐயர் பெயரை எடுத்தால் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவாள். ஏன் என்று வளர்ந்தபிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1946-இல் சி.பி. ஒரு அரசியலமைப்புத் திட்டம் கொண்டுவந்தார். வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு உண்டு, சபை உண்டு. ஆனால் திவானை நியமிப்பது மகாராஜா, சபை அவரை நீக்கமுடியாது. அமெரிக்காவில் ஜனாதிபதியை நாடாளுமன்றம் நம்பிக்கையில்லா ஓட்டில் இறக்கமுடியாதல்லவா, அது மாதிரி என்று விளக்கம் வேறு. 'அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்' என்று கோஷம் கிளம்பியது. அந்த அக்டோபரில் புன்னப்ராவிலும் வயலாரிலும் தொழிலாளர்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள். 1947 ஜூலையில் திருவனந்தபுரத்தில் சி.பி.யை வெட்டினார்கள், பிழைத்தார், பதவியை விட்டுப் போனார். செப்டம்பரில் மகாராஜா, சபைக்குப் பதில் சொல்லும் பொறுப்பாட்சியை அறிவித்தார். 1948 தொடக்கத்தில் தேர்தல். எங்கள் ஆச்சி வாழ்க்கையில் முதல் ஓட்டு போட்டது அதில்தான், திருவிதாங்கூர் சபைக்கு.

பட்டம் தாணுப் பிள்ளை மார்ச் மாதம் பதவியேற்றார். முதலமைச்சர் என்றல்ல, 'பிரதமர்' என்றுதான் பதவியின் பெயர். மேலே மகாராஜா சித்திரைத் திருநாள், கீழே சபைக்குப் பதில் சொல்லவேண்டிய பிரதமர். லண்டனில் இருக்கிற அதே ஏற்பாடு, குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்! அக்டோபரில் சொந்தக் கட்சி ஆட்களே பட்டத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்றார்கள், அவர் இறங்கினார், பறவூர் டி.கே. நாராயண பிள்ளை வந்தார். மகாராஜா அசையவில்லை. துப்பாக்கிச் சூடு இல்லை, வெட்டு இல்லை. திவானை இறக்க ரத்தம் சிந்தவேண்டியிருந்தது. பிரதமரை இறக்கக் கட்சிக் கூட்டம் போதுமாயிருந்தது. 1949 ஜூலை 1-இல் கொச்சியோடு சேரும்வரை அந்தச் சின்ன ராஜ்யம் அப்படித்தான் ஓடியது.

இதைத்தான் நான் போனில் தம்பி மகளிடம் சொன்னேன். ராஜா இருக்கிறாரா இல்லையா என்று பார்க்காதே, ஆளுகிறவனை வீட்டுக்கு அனுப்ப முடிகிறதா என்று பார். லிஸ் டிரஸ்ஸை 2022 செப்டம்பர் 6-இல் பிரதமராக நியமித்தது எலிசபெத் ராணி, அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால். அந்த அம்மாள் ஐம்பது நாள்கூட முழுசாக நிற்கவில்லை. சொந்தக் கட்சியே நகர்த்திவிட்டது. ஜனங்கள் ஓட்டு போடாமலேயே சுனக் வந்தார். அதிலும் ராஜாவுக்கு வேலை, யாரை அழைக்கவேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு அவரை அழைப்பது மட்டும்.

எல்லாருக்கும் தெரியாத நாளில்தான் சிக்கல். மலேசியாவில் 2022 நவம்பர் தேர்தலில் 222 இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அங்கே ஒன்பது மாநில மன்னர்கள் முறைவைத்து ஐந்தைந்து வருஷம் பேரரசராக இருக்கிறார்கள். அப்போதைய பேரரசர் கட்சித் தலைவர்களை அழைத்துப் பேசி, ஐந்து நாள் கழித்து அன்வர் இப்ராகிமை நியமித்தார். அதன்பிறகு அன்வர் தன் பெரும்பான்மையைச் சபையில் நிரூபித்துக் காட்டவும் செய்தார். பெல்ஜியத்தில் இன்னொரு கூத்து. 1990-இல் கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மன்னர் போதுவானின் மனசாட்சி இடம் தரவில்லை. அமைச்சரவை என்ன செய்தது தெரியுமா? மன்னரால் ஆள இயலவில்லை என்று அறிவித்துவிட்டு, அமைச்சர்களே கையெழுத்துப் போட்டுச் சட்டமாக்கினார்கள். ஒன்றரை நாள் கழித்து நாடாளுமன்றம் அவரைத் திரும்ப உட்காரவைத்தது. நம்மூர்ப் பஞ்சாயத்தில்கூட இவ்வளவு நாசூக்கு கிடையாது.

பேச்சு இந்தப் பக்கம் திரும்பியபோது அவள், "நல்லவேளை, நமக்கு ராஜா இல்ல" என்றாள்.

"இருந்தாரே."

"ஜமீன்தாரா?"

"இல்லட்டி. ஆறாம் ஜார்ஜ்."

நிறையப் பேர் கவனிக்காத சங்கதி இது. 1947 ஆகஸ்ட் 15-லிருந்து 1950 ஜனவரி 26 வரை இந்தியா குடியரசு இல்லை. ராஜா ஆறாம் ஜார்ஜ், பிரதிநிதியாக கவர்னர் ஜெனரல், ஆள்வது பிரதமர் நேரு. 1948 ஜூனில் மவுண்ட்பேட்டன் போனபிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நம்ம ராஜாஜி. சுதந்திரக் கொடி ஏற்றி, மிட்டாய் சாப்பிட்ட பிறகும் இரண்டரை வருஷம் கிட்ட நாம் அரசியலமைப்பு முடியாட்சிதான். தாத்தாவுக்கு அது தெரியவே தெரியாது. ராஜா ஒன்றுமே செய்யாததால் தெரியவில்லை.

பிறகு ராஜாவின் இடத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிற குடியரசுத் தலைவரையும், மாநிலத்தில் நியமன ஆளுநரையும் வைத்தோம். அமைச்சரவை சொல்வதைக் கேட்டு நடப்பதுதான் இவர்கள் வேலை என்று 1974-லேயே சம்ஷேர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் 2023 ஜனவரி 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஆளுநர் உரையின் சில வரிகள் வாசிக்கப்படாமலே போயின. மசோதாக்கள் கிடப்பில் கிடந்த வழக்கில் 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆளுநருக்குக் காலக்கெடு வைத்து, பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளவேண்டும் என்றது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் காலக்கெடு வைக்கவோ, ஒப்புதல் தந்ததாகக் கொள்ளவோ முடியாது என்றது. யார் பக்கம் சட்டம் என்று வக்கீல்கள் பேசட்டும். எனக்கு உறுத்துவது வேறு. பரம்பரை ராஜாவுக்கு, தன்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்ற கூச்சம் இருக்கிறது, அந்தக் கூச்சத்திலேயே கையைக் கட்டிக்கொள்கிறார். நியமனம் பெற்று வருகிறவருக்கு அந்தக் கூச்சம் எங்கிருந்து வரும்?

அன்றைக்குப் போனை வைக்கும் முன் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். பென்சில் ஓட்டில் மை எங்கிருந்து வந்தது?

"அங்க மை வைக்கமாட்டாங்களே. விரல்ல என்ன?"

சிரித்தாள். "பால்பாயிண்ட் பேனா பெரியப்பா. மை இல்லாம ஓட்டு போட்ட மாதிரியே இல்ல. வெளிய வந்து நானே போட்டுக்கிட்டேன்."

இடது கை ஆள்காட்டி விரலில், நகத்தின் மேல்நுனியிலிருந்து முதல் கணு வரைக்கும் நீட்டுக்கோடாக வைக்கவேண்டும். இவள் வலது கையில், நகத்துக்குக் கீழே குறுக்காகக் கிழித்திருந்தாள். சொன்னேன். "சரி சார்" என்றாள்.